கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே

கேள்வி: புதுச்சேரியில் வசிக்கிறேன். மூன்று வருடமாக ஸ்கூபா முழுக்குப் பழக்கம். கடல் தெளிவாக இருக்கும் மாதங்களில் வாரம் ஒரு முறையாவது இறங்கிவிடுவேன், பெரும்பாலும் 12 முதல் 18 மீட்டர் ஆழம். என்னிடம் உள்ள இரண்டு சாமான்கள் ரொம்பப் படுத்துகின்றன. ஒன்று டார்ச். உடல் கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக், கைப்பிடி சோப்புக்கட்டி மாதிரி வழவழப்பு. இன்னொன்று நானே செய்த கேமராக் கம்பு. 32 மி.மீ. பி.வி.சி. குழாயை இரண்டடி நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் மூடி போட்டு, ஒரு முனையில் கேமராவைப் பூட்டியிருக்கிறேன். மேலே படகில் இருக்கும்போது இரண்டும் கையில் நிற்கின்றன. உள்ளே போனதும் நழுவுகின்றன.

மாடிப்படியில் ஒட்டுவார்களே, மணல் பூசிய சொரசொர நாடா, அதை டார்ச்சில் ஒட்டிப் பார்த்தேன். மூன்றாவது முழுக்கில் உரிந்துவிட்டது. உரிவதற்குள் என் உள்ளங்கைத் தோலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. பழைய ரப்பர் செருப்பை அறுத்து, ஒரு நொடியில் ஒட்டும் பசையால் குழாயில் ஒட்டினேன். ஒரு மாதம் தாங்கவில்லை. நண்பர் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் நாடாவைக் கொடுத்தார். அது ஊறிப்போய் நனைந்த பழந்துணி மாதிரி ஆகிவிட்டது. சென்ற மாதம் டார்ச் கையை விட்டே போயிற்று, மணிக்கட்டில் கயிறு கட்டியிருந்ததால் பிழைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகுமா? தண்ணீருக்குள் வழுக்காமலிருக்க ஏதாவது பெயின்ட், பசை உண்டா?

— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: உயிர் விராலை வீட்டில் ஆய்ந்து பார்த்திருக்கிறீர்களா? கையில் அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசிக்கொண்டுதான் அதைப் பிடிப்பார்கள். சாம்பல் இல்லாத வீட்டில் கல்லுப்பு. மீனின் மேலுள்ள கொழகொழப்பைச் சாம்பல் உறிஞ்சிக்கொள்ளும், மீன் கைக்கு அடங்கும். ஆனால் அதே விராலைக் குளத்துக்குள்ளேயே பிடிக்கப் போகிறவர் சாம்பலோடு இறங்குவதில்லை. அவர் செவுளுக்குள் விரலை விடுகிறார்.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதில் இருக்கிறது. ஈரக் கையின் வழுக்கல் வேறு, நீருக்குள் நடக்கும் வழுக்கல் வேறு. ஈரக் கைக்கு உறிஞ்சும் சரக்கு போதும்: சாம்பல், சுண்ணப்பொடி, துண்டு, உங்கள் நண்பரின் டென்னிஸ் நாடா. அந்த நாடா வியர்வைக்குச் செய்தது. நாலு சொட்டு ஈரத்தைக் குடிக்கத் தெரிந்ததற்குக் கடலைக் குடிக்கத் தெரியவில்லை. அதன்மேல் கோபப்பட வேண்டாம்.

நீருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கையும் பிளாஸ்டிக்கும் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்னால் நடுவில் உள்ள தண்ணீர் வெளியேற வேண்டும். பரப்பு வழவழப்பாக இருந்தால் அது வெளியேற வழி தேடித் தடுமாறும். மெல்லிய படலமாக நடுவிலேயே தங்கி, எண்ணெய் செய்யும் வேலையைச் செய்யும். மழை நாளில் மொட்டை டயர் போட்ட வண்டி சறுக்குவதும் இப்படித்தான். டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அழகுக்கானவை அல்ல, தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள். மேடுகள் சாலையை அழுத்த, நடுவே இருந்த நீர் வாய்க்கால் வழியே போய்விடும்.

மலையோடைகளில் பாறையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தவளைகளின் விரல் நுனியை உருப்பெருக்கியில் பார்த்தால் இதே கதை. தேன்கூடு மாதிரி அறுகோணத் திட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி நுண்ணிய வாய்க்கால். நம் உடம்பும் ஏதோ முயற்சி செய்கிறது போலத்தான் தெரிகிறது. நெடுநேரம் நீரில் இருந்தால் விரல் நுனி சுருங்குகிறதே, அது தோல் ஊறி உப்பியதால் வருவது என்று நான் பள்ளியில் படித்தேன். உண்மையில் அது நரம்பின் வேலை. விரலுக்குப் போகும் நரம்பு அறுபட்டவர்களுக்கு அந்தச் சுருக்கம் விழுவதில்லை என்பதை 1930களிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். ரத்தக் குழாய்கள் சுருங்க, உள்ளே சதை வற்ற, மேல்தோல் மடிகிறது. இந்த மடிப்புகள் டயர்ப் பள்ளம் மாதிரி நீரை வடிக்கத்தானோ என்ற கருத்தை 2011இல் ஒரு குழு முன்வைத்தது. 2013இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் சோதித்துப் பார்த்தார்கள். நீருக்குள் கிடந்த கோலிகளை எடுத்து இடம் மாற்றச் சொன்னபோது, சுருங்கிய விரல்காரர்கள் சுமார் 12 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். மறு வருடமே பெர்லினில் இன்னொரு குழு அதே மாதிரிச் செய்துபார்த்து, அப்படி ஒரு நன்மையும் இல்லை என்றது. விவகாரம் தீரவில்லை. உங்கள் டார்ச்சுக்கு அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆக, கைப்பிடிக்கு வேண்டியவை மூன்று. நீர் வடிய வாய்க்கால். சதை அமுங்கிப் பற்ற ஒரு மேடு. முடிந்தால் கொஞ்சம் மென்மை. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியை எடுத்துப் பாருங்கள். கடினமான பிளாஸ்டிக் தண்டின் மேல் மெத்தென்ற ரப்பர்ப் பொருளை வார்த்து, அதில் வரிவரியாக மேடு வைத்திருப்பார்கள். மூன்றும் அதில் உண்டு. உங்கள் டார்ச்சைச் செய்த ஆலைக்காரர் அந்த இரண்டாவது வார்ப்புச் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார். அந்த வேலையை இப்போது நீங்கள் செய்யப்போகிறீர்கள்.

உப்புத்தாளைப் பற்றிக் கேட்டீர்கள். தேய்த்தால் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். 80ஆம் நம்பர் தாள் போடும் கீறல் கண்ணுக்கு முரடாகத் தெரிந்தாலும் நீரை வடிக்கும் ஆழம் அதற்கு இல்லை. இரண்டு மாதத்தில் உங்கள் உள்ளங்கையே அதை மெருகேற்றி மழுக்கிவிடும். உப்புத்தாளின் உண்மையான வேலை வேறு: மேலே சுற்றப்போவது சுழலாமலிருக்க அடித்தளத்தைச் சொரசொரப்பாக்குவது. அங்கே அது தவிர்க்க முடியாத வேலைக்காரன்.

சொரசொர நாடா கதைக்கு வருகிறேன். அதிலுள்ள மணல் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு, அதாவது உப்புத்தாளில் இருக்கும் அதே பொருள். செருப்புக் காலுக்குச் செய்தது. அரை மணி நேரம் ஊறிய உள்ளங்கைக்கு அது தேங்காய்த் துருவி. கையுறை போட்டால் கையுறையைத் தின்னும், பக்கத்தில் உரசினால் உங்கள் நியோப்ரீன் உடையையும் தின்னும். தண்ணீர் எப்போதும் விளிம்பிலிருந்துதான் உள்ளே நுழையும். வளைந்த கைப்பிடியில் நாடாவின் விளிம்பு எப்போதும் எழும்பப் பார்க்கும். மூன்று முழுக்குத் தாங்கியதே பெரிது.

பசை ஏன் கைவிட்டது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ‘நல்ல பசை’ தேடியே பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். ஒரு பரப்பில் பசை ஒட்ட வேண்டுமானால் முதலில் அது பரவ வேண்டும். தாமரை இலையில் தண்ணீர் உருள்கிற மாதிரி உருண்டு நின்றால் ஒட்டாது. பரவவிடும் குணத்தைப் பரப்பாற்றல் என்று ஒரு எண்ணால் அளக்கிறார்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். ஏபிஎஸ், பி.வி.சி., பாலிகார்பனேட் இவையெல்லாம் 40ஐ ஒட்டி நிற்கும். பசைக்குச் சுமாராக இடம் கொடுக்கும். பாலிதீனும் பாலிபுரொப்பிலீனும் 30ஐ ஒட்டி. தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான் 20க்கும் கீழே. வாளி, குடம், பாட்டில் மூடி எல்லாம் பாலிதீன் அல்லது பாலிபுரொப்பிலீன் குடும்பம்தான். அவற்றில் எந்தச் சாதாரணப் பசையும் நிலைக்காது. உங்கள் சாமான் எந்தக் குடும்பம் என்று தெரியாவிட்டால் அதன் ஒரு துணுக்கை நல்ல தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அநேகமாக இந்த இரண்டில் ஒன்று, பசையை மறந்துவிடுங்கள். மூழ்கினால் பேசிப் பார்க்கலாம். எரித்து மோந்து பார்க்கும் பழக்கம் சில கடைக்காரர்களிடம் உண்டு. பி.வி.சி.யை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலுக்கு ஆகாது. அந்த விளையாட்டு வேண்டாம்.

நொடியில் ஒட்டும் பசை இறுகினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நேராக இழுத்தால் தாங்கும், ஓரத்திலிருந்து உரித்தால் பட்டென்று விடும். நீங்கள் ஒட்டியதோ வளைந்து நெளியும் ரப்பர். ஒவ்வொரு பிடியிலும் ரப்பர் அசைகிறது, பசை அசைய மறுக்கிறது, நடுவில் உப்புத் தண்ணீர் ஊறுகிறது. ஒரு மாதமே அதிகம். நீருக்குள் நிற்கும் பசைக்கு உலகத்தில் ஒரு நல்ல கைதேர்ந்தவர் உண்டு. கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் மூழ்கிப் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கிறார்களே, சிப்பி, அதுதான். ஈரப் பாறையில், அலைக்கு நடுவில், நூல் விட்டு ஒட்டிக்கொள்கிறது. அதன் பசைப் புரதத்தில் டோப்பா என்ற அமினோ அமிலம் இருப்பதை 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பசை செய்ய இன்னமும் ஆய்வுக்கூடங்களில் முயல்கிறார்கள். அது நம் தெருக்கோடி ஹார்டுவேர் கடைக்கு வரும்வரை என் கட்சி இதுதான்: ஒட்டாதீர்கள், சுற்றுங்கள். ஒட்டியது என்றைக்காவது விடும். இறுக்கிச் சுற்றியது தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் எந்தச் சாதி என்று அது கேட்பதில்லை.

முதலில் டார்ச். எலெக்ட்ரிக்கல் கடைகளிலும் குழாய்ச் சாமான் கடைகளிலும் சிலிக்கான் சுயஒட்டு நாடா கிடைக்கும். ஒட்டும் பக்கம் என்று ஒன்று இருக்காது. நடுவில் இருக்கும் மெல்லிய தாளை உரித்துவிட்டு இழுத்துச் சுற்றினால் அது தன்மேலேயே ஒட்டி, ஒரு நாளில் ஒரே ரப்பர்த் துண்டாகிவிடும். பிளாஸ்டிக்கில் ஒட்டாது. அதுதான் அதன் நல்ல குணம்: வேண்டாமென்றால் பிளேடால் கீறி உரித்துவிடலாம், கறையே இருக்காது.

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியையும் ஓ-ரிங்கையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஓ-ரிங்குக்கு நீங்கள் பூசும் சிலிக்கான் கிரீஸ் கைப்பிடி முழுக்க ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். உங்கள் வழுக்கலில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று பந்தயம் கட்டுவேன். பாத்திரம் துலக்கும் திரவத்தால் இரண்டு முறை கழுவி, காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். பாலிகார்பனேட் இன்னும் மோசம், அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு அழுத்தம் ஏறும்போது மயிரிழை விரிசல் விடும். 18 மீட்டரில் உங்கள் டார்ச்சைச் சுற்றிலும் ஏறத்தாழ 2.8 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

துடைத்த பிறகு 120ஆம் நம்பர் தாளால் கைப்பிடியை மட்டும் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்துக்கும் மூடி திருகும் மரைக்கும் பக்கத்தில் தாளே போகக் கூடாது. அங்கே விழும் ஒரு கீறல் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். பிறகு இரண்டு மி.மீ. தடிமனுள்ள பாலியெஸ்டர் கயிற்றைக் கைப்பிடியில் சுருளாக, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் விரல் அகலம் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். இரு முனையையும் சாதா நாடாவால் தற்காலிகமாகப் பிடித்து வையுங்கள். இதன்மேல் சிலிக்கான் நாடா. தொடக்கத்தில் ஒரு முழுச் சுற்று தன்மேலேயே விழ வேண்டும். பிறகு இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தபடியே, முந்தைய சுற்றின் பாதியை மூடிக்கொண்டு போக வேண்டும். இழுக்காமல் சுற்றினால் ஒட்டாது. நிறையப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். உள்ளே இருக்கும் கயிறு மேலே வரப்பாகத் தெரியும், வரப்புகளுக்கு நடுவே வாய்க்கால். தூண்டில் கம்புக்கு இப்படித்தான் பிடி கட்டுகிறார்கள். அவர்கள் மேலே சூடு பட்டால் சுருங்கும் குழாயைப் போடுவார்கள். அதற்கு நூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டியிருக்கும். ஏபிஎஸ் இளகத் தொடங்குவதும் அந்தச் சூட்டில்தான். பி.வி.சி. 80க்குள் வளைந்துவிடும். ஆகவே உங்கள் இரண்டு சாமானுக்குமே சூட்டுக் குழாய் ஆகாது. அலுமினியக் கம்பாக இருந்திருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கயிறு ஏன் பாலியெஸ்டர், நைலான் ஆகாதா என்பீர்கள். நைலான் நீரைக் குடித்துக் கொஞ்சம் நீளும். நைலான் கூடாரத்துணி மழையில் தொய்வது அதனால்தான். இறுக்கிக் கட்டிய சுற்று கடலுக்குள் போய்த் தளர்ந்தால் என்ன பிரயோசனம்? பருத்தி நேரெதிர், நனைந்தால் இறுகும், கைக்கும் அருமையாகப் பிடிக்கும், ஆனால் உப்பு நீரில் மக்கிவிடும். பருத்தி வலைகள் இருந்த நாளில் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துத் தோய்த்து அவற்றைக் காப்பாற்றினார்கள். இன்று அந்தப் பாடு தேவையில்லை.

சிலிக்கான் நாடா கிடைக்கவில்லையென்றால் சைக்கிள் டியூப். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஏழைவீட்டு வைத்தியம் மாதிரி. என் அனுபவத்தில் நீருக்குள் அதைவிட நல்ல பிடி கடையில் கிடைப்பதில் கொஞ்சம்தான். பெரும்பாலும் பியூட்டைல் ரப்பரால் செய்வது. காற்றையும் நீரையும் விடாது, வெயிலுக்கும் ஓரளவு தாங்கும். பஞ்சர் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, மூன்று விரல் அகலத்தில் நீளவாக்கில் வெட்டி, இழுத்துச் சுற்றி, கடைசி முனையைக் கயிற்றால் பத்துச் சுற்று இறுக்கிக் கட்டுங்கள். டியூபின் உள்பக்கத்தில் பொடி அப்பியிருக்கும், கழுவிவிடுங்கள். தேங்காயெண்ணெயும் முகத்தில் பூசும் வெயில்காப்புக் களிம்பும் ரப்பருக்குப் பகை. முழுகுமுன் அவற்றைத் தொட்ட கையால் பிடியைத் தொட வேண்டாம்.

இனி கம்பு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தட்டிய சந்தேகம் வழுக்கலைப் பற்றியதே அல்ல. இரு முனையும் மூடிய குழாய் என்கிறீர்கள். 32 மி.மீ. குழாய், இரண்டடி நீளம், சுவர் இரண்டு மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் உள்ளே அடைபட்ட காற்றால் அது கடலுக்குள் 300 கிராமுக்கு மேல் மேலே தூக்கும். கேமராவின் எடை கொஞ்சம் ஈடுகட்டினாலும், ஒரு முனை தாழவும் மறுமுனை எழும்பவும் பார்க்கும். முழுக்கு முழுவதும் உங்கள் கை அந்தத் திருகலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் நீங்கள் வழுக்கல் என்கிறீர்களோ என்னவோ. இரு முனைக்கும் பக்கத்தில் ஆறு மி.மீ. துளை இரண்டிரண்டு போடுங்கள், நீர் உள்ளே புகட்டும். கைநழுவினால் மிதக்கட்டும் என்று காற்றோடு விட்டிருந்தால், அந்த வேலையை மணிக்கட்டுக் கயிறு பார்த்துக்கொள்ளும்.

பிடிக்கு, விளையாட்டுச் சாமான் கடையில் கிரிக்கெட் மட்டைக்குப் போடும் ரப்பர் உறை வாங்குங்கள். அதிலுள்ள புள்ளிகளும் வரிகளும் நாம் பேசிய வாய்க்கால்களே. 32 மி.மீ. குழாயில் இறுக்கமாக ஏறும். கடைக்காரரிடம் உள்ள கூம்பை இரவல் வாங்கினால் சுலபம். ஏற்றும்போது சோப்போ முகப்பவுடரோ போடாதீர்கள், உள்ளேயே தங்கி உறையைச் சுழலவிடும். அதே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை உள்ளே தெளித்து ஏற்றுங்கள், ஆவியாகிப் போய்விடும். உறைக்கு மேலும் கீழும் கயிற்றால் தடித்த வளையம் ஒன்று கட்டுங்கள், விரல் மொத்தத்துக்கு. குடத்தை இடுப்பில் வைக்கும் பெண் அதன் கழுத்தைத்தான் பிடிக்கிறாள், வயிற்றை அல்ல. கைக்கு முட்டுக் கொடுக்கும் ஒரு மேடு, பத்துச் சொரசொரப்புக்குச் சமம்.

மெத்தென்ற நுரைப் பிடி வாங்காதீர்கள், சைக்கிள் ஹேண்டில்பாரில் போடும் ரகம். அதன் மென்மை முழுக்க உள்ளே அடைபட்ட காற்று. பத்து மீட்டரில் காற்றின் கன அளவு பாதியாகிவிடும். பிடி சூம்பி, குழாயில் தளர்ந்து சுழலும். மேலே வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி உப்பி நிற்கும், கடைக்காரரிடம் குறை சொன்னால் நம்பமாட்டார்.

பெயின்ட் கேட்டீர்கள். உண்டு, ஆனால் கைக்கு அல்ல, காலுக்கு. படகுத் தளத்துக்கு ஒரு பழைய தந்திரம்: எபாக்ஸிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மேலே சீனியைத் தூவிவிடுவார்கள். இறுகியபின் தண்ணீர் ஊற்றினால் சீனி கரைந்து போகும், சின்னச் சின்னக் குழிகள் மிஞ்சும். மணலைப் போலத் தோலைக் கீறாது. குழாயில் செய்துபார்க்க ஆசை என்றால் செய்யலாம், 80ஆம் நம்பர் தாளால் தேய்த்துவிட்டு. டார்ச்சில் வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், திருகு பொத்தான்களைப் பற்றி. வரப்பின் திசை முக்கியம். கையை விட்டு இழுபடாமலிருக்க வரப்பு குறுக்கே வளையமாகப் போக வேண்டும். திருகும்போது வழுக்காமலிருக்க நெடுக்கே போக வேண்டும், தண்ணீர்ப் பாட்டில் மூடியில் இருக்கிற மாதிரி. டார்ச்சின் சுவிட்சு திருகும் ரகமென்றால் அதன்மேல் சைக்கிள் டியூப் வளையம் ஒன்றை மாட்டி, அதில் நெடுக்காகக் கயிற்றுத் துண்டுகளைச் செருகிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கடலுக்கு எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு வாளியில் லிட்டருக்கு 35 கிராம் உப்புப் போட்டால் அது கடல். மூன்று நாள் ஊற வையுங்கள். நான்காம் நாள் அந்த வாளியில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, கையை உள்ளே வைத்தபடியே பிடித்து இழுத்துப் பாருங்கள், திருகிப் பாருங்கள். சோப்புத் தண்ணீரில் நின்றால் கடலில் நிற்கும். டார்ச்சின் தலைப்பகுதியை மட்டும் எதைக் கொண்டும் சுற்றிவிடாதீர்கள். எல்இடியின் சூடு அந்த வழியாகத்தான் தண்ணீருக்குப் போகிறது.

கேள்வி: எங்கள் ஃபைபர் வள்ளத்தின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் ஏணி தொங்குகிறது. பாதி எப்போதும் தண்ணீருக்குள். பாசி எடுக்கப் போகும் பெண்கள் அதில்தான் ஏறுகிறார்கள். பத்தே நாளில் படி வழுக்க ஆரம்பிக்கிறது. கயிறு சுற்றலாமா?

— ஒரு வாசகர், மண்டபம்

பதில்: சுற்றாதீர்கள். மேலே சொன்னதெல்லாம் நீரில் இறங்கி, பிறகு கரையேறிக் காயும் சாமானுக்கு. உங்கள் ஏணி நீரிலேயே குடியிருக்கிறது. அப்படிப்பட்ட பரப்பில் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் படியத் தொடங்கும், அடுத்து வழவழப்பான பாசி, அதற்கும் மேல் கொட்டலசு. சொரசொரப்பும் கயிற்று இடுக்கும் அவற்றுக்குக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி. உங்கள் படியில் வழுக்குவது பிளாஸ்டிக் இல்லை, அதன்மேல் வளர்ந்தது.

படியில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் போடுங்கள், விளிம்பை அரத்தால் மழுக்கிவிடுங்கள். மிதிக்கும்போது நீர் துளை வழியே இறங்கும், பாதமும் கொஞ்சம் அமுங்கிப் பற்றும். படிக்கு இரண்டு துளைக்கு மேல் வேண்டாம், பலம் போய்விடும். பாசி எடுக்கும் பெண்கள் பாறையில் கை கிழியாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தத் துணியே ஏணிக் கம்பியைப் பிடிக்கவும் உதவும். நெசவின் இடுக்கில் நீர் ஒதுங்கிக்கொள்ளும். ஏறி முடிக்கும்வரை அதை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மற்றபடி, ஏணியைக் கொக்கியில் மாட்டுகிற மாதிரி மாற்றி, வேலை முடிந்ததும் தூக்கி வள்ளத்துக்குள் போட்டுவிடுங்கள். ஒரு முழுப் பகல் வெயிலில் காய்ந்தால் பாசி வறண்டு உரியும், தென்னை நார்த் துடைப்பத்தால் தேய்த்தால் போய்விடும்.